தூரமில்லாத நாளின் வலி

எனக்கு வலி நாலு நாள் முன்னாலேயே வந்துவிடும். என் தொல்லை எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

ரத்தம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. "தூரம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். பின்கட்டில் கிணற்றை ஒட்டிய சாய்ப்பின் கீழ் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. மூன்று நாள் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அடுப்பைத் தொடக் கூடாது, தறியைத் தொடவே கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். அந்த மூன்று நாளைத் திட்டி எழுதுகிறவர்களை இப்போது பத்திரிகைகளில் படிக்கிறேன். நியாயம்தான், ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. இவர்களுக்கெல்லாம் மூன்று நாளில் வலி முடிந்துவிடுகிறதே என்று.

எனக்கு அந்த மூன்று நாள்தான் முறைப்படி கிடைத்த படுக்கை. மற்ற நாளில் வரும் வலிக்குப் பாய் கிடையாது.

கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபதுகளின் நடுவில். வீட்டில் மூன்று பேர்தான்: என் கணவர், அவருடைய அம்மா, நான். அப்புறம் தறி. கூடத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சப் பாதியில் நாங்கள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்தோம்.

கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வோர் இழையிலும் உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நடு நாடாவை எறிவார். வலப்பக்கம் உட்காருகிறவர் கரை நாடாவை எறிய வேண்டும். இரண்டு கையும் ஒரே மூச்சில் போக வேண்டும். அந்த வலப்பக்கத்து ஆள் நான். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். பொய்யில்லை, நிஜமாகவே நின்றுவிடும். அவர் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பாவு, அதாவது தறியில் ஏற்றிய நீளவாட்டு நூல், தீர்ந்தால், பழைய நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க வெளியாள் வருவார். அந்த ஒன்றிரண்டு நாளும் தறி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் நாளும் என் தூரமும் ஒன்றாக வந்துவிட்டால் வீட்டுக்குச் சௌகரியம். அதனால் என் மாமியார் நாள் எண்ணி வைத்திருந்தார். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலால் தொட்டு, பின்கட்டுச் சுவரில் நாளுக்கொரு பொட்டு. நான் பாயை எடுத்த நாளில் பொட்டுக்குப் பதில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து எண்ணி, எப்போது பாவு பிணைக்க ஆள் சொல்லலாம் என்று மகனிடம் சொல்வார். என் உடம்பின் பஞ்சாங்கம் கிணற்றடியில், தண்ணீர் இறைக்க வருகிற யாரும் பார்க்கும்படி, வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு கோடும் இன்னொரு செய்தியும் சொல்லும். இந்த மாதமும் ஒன்றும் தங்கவில்லை என்று.

வலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை எங்கெங்கோ ஓடுகிறது. பூ, நெருப்பு, பாம்பு என்று என்னென்னவோ வருகிறது; எல்லாவற்றையும் அடிக்கிறேன். இப்படிச் சொல்லலாம். மழை நாளில் தறிக் கயிறு ஈரத்தில் இறுகும். அப்படி அடிவயிற்றுக்குள் ஏதோ ஒன்று முதுகுத்தண்டையும் தொடையையும் சேர்த்துக் கட்டி இறுக்கும். காலைக்கடனுக்குக் குந்தினால் உள்ளே கீறும். கணவர் தொட்டால் பல்லைக் கடித்துக்கொள்வேன். அவர் அதை வெட்கம் என்று நினைத்தார், பிறகு வெறுப்பு என்று நினைத்தார். மழை நாளில் கயிறு இறுகினால் தறி பாசாங்கு செய்கிறது என்று எந்த நெசவாளியும் சொல்ல மாட்டார். ஈரம் என்பார், காத்திருப்பார்.

சொல்லாமல் இல்லை. சொன்னேன்.

"அத்த, வயிறு வலிக்குது."

"தூரமா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் இன்னா? வர்றப்ப படுத்துக்கலாம், போ. அவன் உக்காந்துக்கினு இருக்கான் பாரு."

இதில் கொடுமை ஒன்றும் இல்லை. அவர் அடுப்பில் சோற்றைக் கிளறிக்கொண்டே சொன்னார். அவரும் முப்பது வருஷம் கோர்வைக்கு உட்கார்ந்தவர். அவருக்கு வலி என்றால் ரத்தத்தோடு வருவது, ரத்தத்தோடு போவது. மற்றது சோம்பல்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், ஒரு நாள் காலையில், கரை நாடா என் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. "இன்னா தூக்கமா?" என்றார் கணவர். நான் எழுந்தேன். யோசிக்கவில்லை. "தூரம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு நடந்தேன்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. மாமியார் பாயைத் தள்ளிப் போட்டார். கஞ்சி வந்தது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாய்ப்பின் கீழ் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுருண்டு படுத்து, வலிக்க வலிக்க அழுதேன். அது வலிக்கான அழுகை மட்டும் இல்லை. நிம்மதியாக வலிக்க ஓர் இடம் கிடைத்ததே என்று அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை யாருக்காவது விளக்கிச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

பொய்க்கு வேலை அதிகம். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்திருந்த துணிகள் காய்ந்தே இருந்தன. அதை மாமியார் கவனிப்பார். அதனால் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து கொடியின் ஓரத்தில் காயப் போட்டேன். மூன்று நாளும். நாலாம் நாள் தலைக்குக் குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு தறிக்கு வந்தேன். ஐந்தாம் நாள் நிஜமான ரத்தம் வந்தது.

இனி என்ன சொல்வது? மூன்று நாளைச் செலவழித்தாகிவிட்டது.

அன்று தறியில் இருந்தது அரக்குச் சிவப்பில் ஒரு முகூர்த்தப் புடவை. எந்த ஊர்ப் பெண்ணுக்கோ கூறை. தினமும் காலையில் தறிக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவோம். நான் கும்பிட்டேன். உட்கார்ந்தேன். இரண்டு துணி வைத்துக் கட்டியிருந்தேன். நாடாவை எறிந்தேன். உள்ளே கயிறு இறுகிக்கொண்டே இருந்தது, வெளியே கரை நேராக வந்தது. ஒரு பிசகு இல்லை. அந்தப் புடவையைப் பார்த்தவர்கள் கோர்வை பிரமாதம் என்றார்கள். எனக்குத்தான் அந்தப் பெண் யாரென்று தெரியாமல், கோவில் பக்கம் போகும் கல்யாணப் பெண்களின் முகத்தை எல்லாம் கொஞ்ச நாள் உற்று உற்றுப் பார்க்கும் வியாதி வந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று.

ஒருமுறையோடு நின்றதா? இல்லை. வலி அதிகமான மாதம் முன்கூட்டிச் சொல்வேன். பயம் அதிகமான மாதம் நிஜத்துக்குக் காத்திருப்பேன். சில மாதம் பொய்யும் சொல்லிவிட்டு, நிஜம் மறைக்க முடியாதபடி வந்து, ஆறே நாளில் இன்னொரு தரம் பாயை எடுப்பேன். நட்ட நடு மாதத்திலும் இரண்டு நாள் வலி வரும்; அதற்கும் எப்போதாவது ஒரு தூரம் சொல்வேன்.

நான் பாயை எடுத்தால், தறி நின்றுவிடாமல் இருக்க, தன் வேலையைப் போட்டுவிட்டு எதிர்வீட்டு அக்கா என் இடத்துக்கு வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எங்களிடம் பேசும்போது இரண்டும் கலந்து வரும். அவர் வாய் நாடாவைவிட வேகம்.

"ஏம்மா அம்மாயி, போன வாரம்தானே நான் வந்து உக்காந்தேன். உனக்கு வாரச்சந்தையா அது?" என்று கூடத்திலிருந்தே பின்கட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். "இப்புடியே போனா தறிய எங்க வூட்டுக்கே தூக்கிக்கினு போயிடறேன், நீ பாயோட இரு."

கணவர் சிரிப்பார். நானும் சாய்ப்பின் கீழ் சிரிப்பேன். சிரித்தால் வயிறு இன்னும் வலிக்கும்.

சுவரில் பொட்டும் கோடும் தாறுமாறாயின. மாமியார் எண்ணிப் பார்ப்பார், விரலைச் சுவரில் வைத்தபடியே நின்றுவிடுவார், மறுபடி எண்ணுவார். பாவு பிணைக்க ஆள் சொன்ன நாளில் நான் தறியில் இருப்பேன்; ஆள் வேண்டாத நாளில் பாயில் இருப்பேன். முதலில் எரிச்சல்பட்டார். அப்புறம் பயந்தார். அது எனக்குப் புரிய நாளாயிற்று. மருமகளுக்கு உடம்பில் ஏதோ பெரிய கோளாறு என்று அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அவர் நம்பினார். நான் வாயால் சொன்னதை அல்ல, நான் பொய்யாகப் போட வைத்த கோட்டை.

ஊரில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவரிடம் என்னைக் கூட்டிப்போனதும் மாமியார்தான். அது கல்யாணமாகி நாலாம் வருஷம். பெஞ்சில் வரிசையாகப் பெண்கள், பாதிப் பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு. நான் ஓரமாக உட்கார்ந்தேன். டாக்டர் நல்லவர். கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"வலி எப்பம்மா வருது? தூரத்துக்கு முன்னாடியா, வந்தப்புறமா?"

யாராவது இதைக் கேட்க வேண்டும் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தேன். கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்றேம்மா. செவுத்துல குறிச்சி வெச்சிக்கினு இருக்கேன், எல்லாம் மனப்பாடம். சித்திரையில இருபத்தஞ்சு நாள்ல ஒரு தரம். அப்புறம் ஆறே நாள்ல இன்னொரு தரம். அப்பால ஒரு மாசம் ஒழுங்கா இருந்துச்சி. அதுக்கப்புறம் பதினாலு நாளு. வலி எல்லாம் வந்தப்புறம்தான். படுத்தான்னா எந்திரிக்க மாட்டா. நாலாம் நாளு குளிச்சா தேவலாம் ஆயிடும்."

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். நீல மை. என் பொய்கள் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏறி மருத்துவம் ஆவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் நனைத்துக் காயப் போட்ட துணி இருந்தது, அரக்குச் சிவப்புக் கூறை இருந்தது, ரத்தத்தோடு தறியில் உட்கார்ந்த நாட்கள் அத்தனையும் இருந்தன. பக்கத்தில் மாமியார், பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்படித்தானாம்மா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

ரத்தம் கம்மி என்றார். நரம்பு பலவீனம் என்றார். தாறுமாறாக வருவதை ஒழுங்குபடுத்த மாத்திரை, கசப்பாக ஒரு டானிக். "ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அந்த வாக்கியத்தை அதன் பிறகு எத்தனை பேர் வாயில் கேட்டேன். குழந்தை வந்தால் வலி போய்விடும். அந்த வலியைத் தந்த நோய்தான் குழந்தையைத் தங்கவிடவில்லை என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே போனால் சாவி இருக்கிறது என்று சொல்வதுபோல.

திரும்பி நடக்கும்போது மாமியாருக்கு நடையே மாறியிருந்தது.

"பாத்தியா, நான் சொன்னத டாக்டரம்மாவே ஒண்ணு வுடாம எழுதிக்கிச்சி. குறிச்சி வெக்கிறதுன்னா சும்மாவா?"

நான் டானிக் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அதன் பிறகு இரண்டு வருஷம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதுதான் மோசம். டாக்டர் மேலா? அவர் கேட்டாரே. மாமியார் மேலா? அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். என் மேல் கோபப்பட்டுப் பட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அந்த இரண்டு வருஷத்தில் மனசு என்ன ஆயிற்று என்பதை வலியைச் சொல்கிற அளவுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லி வாங்கிய பாயில் படுத்துக்கொண்டு வலிக்கும்போது, இந்த வலியும் நான் சொல்கிற பொய்தானோ என்று தோன்ற ஆரம்பித்தது. கையால் வயிற்றை அழுத்திப் பார்ப்பேன், இருக்கிறதா என்று. வலி இல்லாத நாளில் அது எப்போது வரும் என்று காத்திருப்பேன்; அதனால் வலி இல்லாத நாள் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. தறிச் சத்தம் கேட்டாலே பல் கூசும். பக்கத்து வீட்டுத் தறி, அதற்கடுத்த வீட்டுத் தறி, தெரு முழுவதும் அதே சத்தம், எங்கே ஓடுவது? கணவர் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன், மாமியார் ஏதும் கேட்காவிட்டால் அழுவேன். கருட சேவைக் கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்கிக் கும்பிட, எனக்கு மட்டும் கையைத் தூக்க அலுப்பாக இருந்தது. கேட்க ஒன்றும் தோன்றவில்லை. நடுவே கணவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்தார். என் தீட்டுத்தான் அவரைத் தொட்டுவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துக்கொண்டே, உள்ளுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் குணமாகி எழுந்ததும் முதலில் கேட்டது, "தறி எப்புடி இருக்குது?"

ஒரு நாள் பகல், நல்ல வெயில். சுவர்ப்படி அது தூரமில்லாத நாள். வலி பொறுக்காமல் தறியிலிருந்து எழுந்து, தண்ணீர் குடிக்க என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு வந்தேன். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. விழுந்துவிட்டால் இன்றைக்குக் கோர்வைக்கு உட்கார வேண்டாம் என்று மட்டும் நினைத்தேன். அவ்வளவு சின்ன நினைப்பு. அது அவ்வளவு சின்னதாக இருந்ததுதான் என்னைத் தூக்கிப் போட்டது. எழுந்து நாலடி தள்ளி, பொட்டு வைத்த பின்கட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மாமியார் அந்த நேரத்தில் அன்றைய பொட்டு வைக்கச் சுண்ணாம்போடு வந்தார்.

"இன்னா இங்க நிக்கிற? அவன் கூப்புடறான்."

"அத்த, அந்தக் கோடெல்லாம் பொய்."

"எந்தக் கோடு?"

"நெறைய. எனக்கு வலி முன்னாடியே வருது. படுக்கணும்னா தூரம்னு சொன்னாத்தான் ஆவுது. அதனால சொன்னேன்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப நெஜமா வந்தப்ப?"

நான் கூடத்துப் பக்கம் பார்த்தேன்.

"தறியில உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

"எத்தினி தரம்?"

"எண்ணல, அத்த."

"எண்ணல" என்று திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்தான் அவருக்குத் தாங்கவில்லை போலிருந்தது.

அன்று தறி நின்றது. மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துவந்து தறிக் கால்களிலும் குழியிலும் தெளித்தார். பாதி நெய்த புடவை தறியில் இருந்தது. பட்டிலும் ஜரிகையிலும் ஒரு சொட்டு படாமல், முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு, அத்தனை ஜாக்கிரதையாகத் தீட்டுக் கழித்தார். கணவர் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"மாசா மாசம் சொன்னேன்."

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. அவருக்கு ஒரு தரம்கூட ஞாபகம் வரவில்லை. அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று எழுதத் தோன்றுகிறது. அது பொய், அடித்தால் வலிக்கும். ஆனால் அந்த நெற்றிச் சுருக்கத்தை நான் மறக்கவில்லை.

ஐந்து நாள் மாமியார் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் வந்து முன்னால் நின்றார்.

"கெளம்பு. டாக்டரம்மாகிட்ட போவணும்."

"எதுக்கு அத்த?"

"எதுக்கா? அந்தம்மாகிட்ட தப்பு தப்பா ஒப்பிச்சிட்டு வந்துக்கிறேன். படிச்ச பொம்பள, நான் சொன்னதுன்னு நம்பி எழுதிக்கிச்சி. என்னைப் பொய்க்காரி ஆக்கி வெச்சிட்டியே."

அவருக்கு என் வலியைவிடக் கணக்குத் தப்பானதுதான் பெரிசு. அப்படித்தான் அன்று நினைத்தேன், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் என்னை அந்த டாக்டரிடம் திரும்ப இழுத்துப்போனது அந்த ரோஷம்தான். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, "நீயே சொல்லு. நான் வாயத் தொறக்கல" என்றார்.

சொன்னேன். நாலு நாள் முன்னால் வருவது, நடு மாதத்தில் வருவது, குந்தினால் கீறுவது, கணவர் தொட்டால் வருவது. கடைசியைச் சொல்லும்போது மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு உள்ளறைக்குக் கூப்பிட்டுச் சோதித்தார். அவர் கை ஓர் இடத்தில் பட்டதும் எனக்குக் கண் இருட்டியது. "இங்கதானே?" என்றார். தலையை ஆட்டினேன்.

வெளியே வந்து, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எண்டோமெட்ரியோசிஸ். அவர் விளக்கினார்: "கர்ப்பப்பைக்கு உள்ள இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒண்ணு, வெளியில வளர்ந்திருக்கும்னு நெனைக்கிறேன். மாசா மாசம் அதுவும் உள்ளுக்குள்ள ரத்தம் விடும். வெளிய வர வழி இல்ல. அதான் வலி. வயித்தைத் திறந்து பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "இதையே அன்னைக்குச் சொல்லியிருந்தியானா ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்மா" என்றார்.

ஆமாங்க என்றேன் மறுபடியும். வேறு என்ன சொல்ல?

மெட்ராஸில் வயிற்றைத் திறந்தார்கள். இடப்பக்கச் சினைப்பையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி, உள்ளே பழைய ரத்தம் கறுப்பாக. சினைப்பையோடு எடுத்துவிட்டார்கள். குடலோடு ஒட்டியிருந்ததைப் பிரிக்க முடிந்தவரை பிரித்தார்கள். குழந்தைக்கு இனி வாய்ப்புக் குறைவு என்று கணவரிடம் சொன்னார்கள். அவர் என்னிடம் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று. தெருவில் யார் கேட்டாலும் மாமியார் "வயித்துல கட்டி" என்று சொல்லி முடித்துவிடுவார். அந்த ஆங்கிலச் சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. நான் மட்டும் அதைத் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பெயர் கிடைத்தால் பாதி போய்விடும் என்று நம்பினேன். அப்படி எல்லாம் போகவில்லை. தழும்பு ஆறியது. ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தேன். உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லவே பயமாக இருந்தது. பிறகு ஒரு காலை, தறியில், பழைய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, கயிறு மெல்ல இறுகியது.

உட்கார்ந்தபடியே எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பின்கட்டுக்குப் போகும் வழி கண்ணுக்கு முன்னால் திறந்திருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பாய், கஞ்சி, மூன்று நாள் அமைதி. நான் எழுந்தேன். அலமாரிக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை எடுத்து, கூடத்திலேயே, தறிக்கும் அடுக்களைக் கதவுக்கும் நடுவே விரித்துப் படுத்துக்கொண்டேன்.

"இன்னா?" என்றார் கணவர், நாடாவைப் பிடித்த கை நின்றபடி.

"வலிக்குது."

அவர் வாயில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. கையிலிருந்த நாடாவை வைத்தார். பிறகு குழியிலிருந்து ஏறி வாசலுக்குப் போய் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைக் கூடத்தின் நடுவில் பார்த்ததும் ஒரு கணம் நின்றார்.

"தூரமா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏம்மா படுத்துக்கிற?"

"வலி."

"சும்மா வலியா?"

"சும்மா வலிதான்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். "கரை நாடா எங்க வெச்ச?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தறி ஆரம்பித்தது. தலைக்குப் பக்கத்திலேயே அந்தச் சத்தம், தரை வழியாக முதுகெலும்புக்குள் இறங்கியது. பின்கட்டு அமைதியாக இருந்திருக்கும். அங்கே போயிருக்கலாம்.

மாமியார் அடுக்களையிலிருந்து சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் நான்.

"நட்ட நடுவுல இப்புடிப் படுத்துக்கினா மனுசி எப்புடி நடக்கிறது?"

"சுத்திக்கினு போங்க அத்த" என்றேன்.

அவர் முணுமுணுத்தார். நெடுநேரம் முணுமுணுத்தார். பானை சூடாக இருந்தது, கை சுட்டிருக்கும். பிறகு சுவரோரமாக, தறிக் கயிற்றில் தலை இடிக்காமல் குனிந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.